கூரை சேதமான வீடுகள், கடைகள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். நேற்றிரவுக் காற்றில் பின் தெருவில் இரண்டு வீட்டு ஷீட்டும் முனைக் கடைத் தகரமும் போய்விட்டன. ஒழுகினால் முதலில் கரண்ட் மெயின் ஸ்விட்சை அணையுங்கள், ஈரக் கையோடு வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் மேல் யாரும் ஏறாதீர்கள். ஆள் எடைக்குப் பொத்துக்கொள்ளும். காற்று நின்றதும் மாடிக்கு ஓடவும் வேண்டாம். 2016 வர்தா புயலில் நடுவே ஓய்ந்து, அப்புறம் எதிர்த்திசையிலிருந்து அடித்தது நினைவிருக்கும்.

தார்ப்பாயை ஓட்டையோடு நிறுத்தாமல் கூரையின் உச்சியைத் தாண்டி இழுத்துக் கட்டுங்கள். பாரத்துக்கு மணல் மூட்டை போதும், செங்கல் வேண்டாம். இன்சூரன்ஸ் உள்ள கடைக்காரர்கள் மூடுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். மரம் சாய்ந்திருந்தால் சென்னை மாநகராட்சி எண் 1913-ஐ அழையுங்கள். ஏணியும் கயிறும் எங்கள் வீட்டில் இருக்கின்றன, கேளுங்கள்.