இடது காது

கண்ணங்குறிச்சி, சேலம்
ஞாயிறு மாலை

கண்ணு,

போட்டோ எல்லாம் வந்தது. அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்துவிட்டாள். முதுகில் சிலிண்டர், கழுத்துவரை இறுக்கிய கறுப்பு உடுப்பு, மூக்கு நுனி சிவந்துபோய் நிற்கிறாய். "எட்டு டிகிரி தண்ணியில என் பொண்ணு முங்குறா" என்று அவள் பெருமையாகச் சொல்ல, எதிர்வீட்டு அக்கா "ஏன், ஸ்காட்லாந்துல வெந்நி போடமாட்டாங்களா?" என்று கேட்டாராம்.

போனில் நீ சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்போதே பேசியிருப்பேன், அம்மா பக்கத்தில் இருந்தாள்.

மல் தீவுக்கும் கரைக்கும் நடுவே 1954-ல் மூழ்கிய ஹிஸ்பானியா கப்பலைப் பார்க்கப் போனீர்கள். நாலு மீட்டரிலேயே உனக்குக் காது அடைத்துக்கொண்டது. நீரோட்டம் ஓய்ந்திருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் இறங்கி ஏறியாக வேண்டும், கூட வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். "திரும்பலாம்னு கை காட்ட சங்கடமா இருந்துச்சுப்பா, அழுத்தி ஊதிட்டே போயிட்டேன்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

30 வருஷம் ஏற்காடு பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவன் நான். 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேலே போவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். மேலே குடித்துவிட்டு மூடிய தண்ணீர் பாட்டில், அஸ்தம்பட்டி வருவதற்குள் யாரோ மிதித்த மாதிரி நசுங்கியிருக்கும். ஏறும்போது அவ்வளவாக யாரும் அழமாட்டார்கள். இறங்கும்போதுதான் குழந்தைகள் காதைப் பிடித்துக்கொண்டு வீறிடும். "மூக்கைப் பிடிச்சு, வாயை மூடி, மெதுவா ஊது சாமி" என்று எத்தனை குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பேன்! கைக்குழந்தை என்றால் பால் கொடுக்கச் சொல்வேன், விழுங்கினாலும் காது திறக்கும்.

மலை முழுக்க இறங்கிச் சேலம் சேர்வதற்குள் கூடுகிற அழுத்தம், தண்ணீரில் ஏறக்குறைய மார்பளவு இறங்கினாலே கூடிவிடும். பத்து மீட்டரில் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதனால் வலி வந்த பிறகு ஊதுவது பிந்திய காரியம். தொண்டையிலிருந்து காதுக்குப் போகிற குழாய் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், அழுத்தி ஊத ஊத இன்னும் இறுகும். ஒரு மீட்டர் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். விடவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

என் இடது காது மந்தம் என்று உனக்குத் தெரியும். பஸ் எஞ்சின் சத்தத்தால் என்று உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்.

எனக்குப் பதினாலு வயது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி எனக்கு நீச்சல் பழக்கின அதே தோட்டத்துக் கிணறு. அத்தையின் பித்தளைச் சொம்பு உள்ளே விழுந்துவிட்டது. பெரியப்பா பாதாளக் கரண்டி எடுத்துவரப் போனார். அதற்குள் நான் எடுத்துவிடுகிறேன் என்று பசங்களிடம் சவால் விட்டுக் குதித்தேன். மேலே வெதுவெதுப்பு, இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே ஐஸ். காதில் ஊசி ஏற்றின மாதிரி வலி. திரும்பியிருக்கலாம். மேலே எட்டுப் பேர் குத்தவைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலு உதை உதைத்தேன்.

டப்பென்று ஒரு சத்தம். வலி சட்டென்று நின்றது. காதுக்குள் சில்லென்று ஏதோ ஓடியது. அடுத்த நொடி கிணறே சுற்றியது, எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. கை பட்ட இடமெல்லாம் பாசி. பயத்தில் வாயிலிருந்த காற்றை விட்டுவிட்டேன். குமிழிகள் மார்பை உரசிக்கொண்டு காலை நோக்கிப் போயின. அப்போதுதான் நான் தலைகீழாக இருப்பது புரிந்தது. அவை போன பக்கம் திரும்பினேன்.

வீட்டில் சொன்னால் அடி விழும். காது வலி என்று மட்டும் சொன்னேன். பாட்டி பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள், கிழிந்த ஜவ்வில்! அந்தக் கூத்தை நேரில் சொல்கிறேன். சொம்பைப் பெரியப்பா பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்.

ஜவ்வு கிழிந்து, குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகுந்தால் தலை அப்படித்தான் சுற்றும் என்று பிற்பாடு ஒரு காது டாக்டர் விளக்கினார். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கே அந்தக் கதி.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம், யார் எப்போது காட்டினாலும் காரணம் கேட்கக் கூடாது என்று நீதானே சொன்னாய்? இங்கே ஜெயித்தவன் காட்டுகிற விரல். நீயும் காட்டு. சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து உனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், இதற்கா முகம் சுளிப்பார்கள்? அந்தக் கப்பல் எங்கேயும் போய்விடாது. 1934-ல் மேட்டூர் அணை கட்டியபோது முழுகின பண்ணவாடி நந்தி, தண்ணீர் வற்றும்போதெல்லாம் தலை காட்டுகிறது. நாங்கள் என்ன முங்கியா பார்த்தோம்?

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வருவதாகச் சொன்னாய். கடைசியாக முங்கினதற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவில் ஒரு முழு நாள் விடு. ரத்தத்தில் கரைந்திருக்கிற நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், இல்லாவிட்டால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். சளி பிடித்திருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதே.

இந்த வாரம் காதை டாக்டரிடம் காட்டிவிட்டு, என்ன சொன்னார் என்று எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் எழுது. குரலில் அனுப்பாதே. நான் சத்தம் கூட்டி வைத்துத்தான் கேட்பேன், அடுப்படி வரைக்கும் கேட்கும்.

அப்பா