ஏற்காட்டு மேடையும் செவ்வாய்பேட்டை நோட்டும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனி, ஞாயிறு ஏற்காட்டில் நடந்த அஜைல் மாநாட்டில் (மென்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, வாடிக்கையாளரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறைதான் அஜைல்) 25 நிமிடம் பேசிவிட்டு நல்லபடியாக சேலம் திரும்பிவிட்டேன். மேடையில் மைக் பிடித்தது இதுதான் முதல் தடவை. தனித்தனியாகப் போனில் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறை அண்ணனுக்கு. என் பேச்சில் பாதி அவருடையது. அவர் பட்டறைக்குக் கணக்கு மென்பொருள் எழுத ஆரம்பித்தபோது, அவர் கேட்டதையெல்லாம் 40 பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாலு மாதம் எங்கள் அறையிலேயே உட்கார்ந்து செய்து முடித்தோம். கொண்டுபோய்க் காட்டினோம். அண்ணன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தராசுக்குப் பக்கத்தில் இருந்த நீள நோட்டை எடுத்துப் பிரித்தார். வரிக்கு ஒரு பெயர், பெயருக்கு எதிரே இரண்டு எடை: கொடுத்தது, வந்தது. கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று வெள்ளி கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் அப்படி. “நீங்க கடைசியில ஒரு தடவைதான் எடை கேக்குறீங்கம்மா. நடுவுல எங்க குறைஞ்சதுன்னு நான் எப்படிப் பாக்கறது?” என்றார். எங்கள் 40 பக்கத்தில் அது இல்லை. தினமும் கை செய்கிற காரியத்தை யாரும் தனியாக எடுத்துச் சொல்வதில்லை. நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை டெமோ, அதுவும் பட்டறையிலேயே. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. (அவர்களும் ஒரு மலையில்தான் கூடினார்கள்.) ஒப்பந்தப் பேச்சைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது பெரிது என்று அதில் வருகிறது. பல தடவை படித்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கும் தங்கைக்கு அடுத்த நன்றி. வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து என் பேச்சை ஐந்து தடவை கேட்டாள். “அக்கா, ஸ்க்ரம்னா என்னன்னு பத்து நிமிஷம் பாடம் எடுக்காதீங்க, நோட்டுலேருந்து ஆரம்பிங்க” என்று அவள் சொல்லாவிட்டால் (ஸ்க்ரம் என்பது அஜைலில் வேலையைச் சிறு சிறு தவணைகளாகப் பிரித்துச் செய்யும் ஒரு முறை), வந்தவர்களுக்குத் தெரிந்ததையே சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன்.

மாநாட்டை நடத்தியவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. தமிழில் பேசலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, “தாராளமா, தமிழ்லயே பேசுங்க” என்று உடனே பதில் வந்தது. நான் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மழை வலுத்துக் கரண்ட் போய்விட்டது. ஒரு தம்பி ஓடிப்போய் சார்ட் பேப்பரும் மார்க்கரும் கொண்டுவந்தார், முன்வரிசையில் இரண்டு பேர் போன் வெளிச்சம் காட்டினார்கள். அண்ணனின் நோட்டை அந்தப் பேப்பரிலேயே கட்டம் போட்டு வரைந்தேன். ஸ்லைடில் காட்டியிருந்தால் அவ்வளவு தெளிவாக வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நாமக்கல்லில் லாரி அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்யும் தம்பி, “வாடிக்கையாளருக்கு நேரமே இல்லேன்னா என்ன பண்றது?” என்று கேட்டார். அவர் கடை சாத்தும் நேரத்துக்கு நாம் போக வேண்டியதுதான் என்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்து, “ஒரே ஒரு ஸ்க்ரீன் முடிஞ்சிருந்தாலும் அதைக் காட்டிடுங்க, முழுசா முடியட்டும்னு காத்திருக்காதீங்க” என்று சேர்த்துச் சொன்னார். என் பதிலைவிட அது நல்ல பதில். இனி எங்கள் டீமிலும் அப்படித்தான்.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை முன் சீட்டில் உட்காரவைத்து, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்த கண்டக்டர் அண்ணனுக்கும், இரண்டு நாளும் பையனைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும் நன்றி.

பட்டறை அண்ணே, கல் பதிக்கிற இடத்திலும் எடை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இந்த வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சேலத்துத் தங்கை