அந்தத் துப்பாக்கிக்கு இருபது வினாடி கொடுங்கள்

சரித்திரப் படங்களும் தொடர்களும் எடுக்கும் இயக்குநர்கள், கலை இயக்குநர்கள், சண்டைப் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம்.

பாளையக்காரர் கதையைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிதான் என் கண்ணை உறுத்துகிறது. கதை நடப்பது 1799-இல். சிப்பாயோ பக்கவாட்டுப் பிடியைச் சட்டென்று இழுத்துத் தள்ளிச் சுடுகிறான். அது லீ என்ஃபீல்டு, பழைய காவல் நிலையங்களில் பார்த்த அதே 303. பிரிட்டிஷ் படைக்கு அது வந்தது 1895-இல், கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டு 96 வருஷம் கழித்து.

சரி, வாடகைக்குக் கிடைப்பது அதுதான் என்பீர்கள். தோற்றத்தைக்கூட விட்டுவிடலாம். சுடும் விதத்தை எப்படி விடுவது?

கும்பினிப் படையிடம் இருந்தது 'பிரவுன் பெஸ்' என்ற சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. குழலின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் வெடிமருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணத்தில் போட்டு மூட வேண்டும். மிச்ச மருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தோடு குழல் வாய்வழியே இறக்கி, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அப்புறம் கம்பியை மறுபடி அதன் இடத்தில் செருகி, கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, அதற்குப் பிறகுதான் சுட முடியும். நல்ல பயிற்சி உள்ளவனுக்கே நிமிடத்துக்கு மூன்று குண்டுதான். நூறு கஜம் தாண்டினால் குறி தெய்வத்தின் கையில். மழையில் மருந்து நனைந்தால் வெறும் 'கிளிக்'. சில சமயம் கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து அடங்கிவிடும், குண்டு வெளியே வராது. ஒரு வரிசை சேர்ந்து சுட்டால் வெள்ளைப் புகையில் எதிரி மறைந்துபோவான். உங்கள் படங்களில் இத்தனை பேர் சுட்டும் புகையே காணோம்!

இதெல்லாம் படத்துக்குத் தடை என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது நேர்மாறாக. முதல் வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே இருபது வினாடி இருக்கிறது. ஈட்டியோடு ஓடுகிறவன் அதற்குள் நூறு கஜத்தைக் கடந்துவிடுவான். கதாநாயகன் குண்டுகளை வாளால் தட்டிவிட வேண்டிய அவசியமே இல்லை. 1801 மார்ச் கடைசியில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கும்பினிப் படையை உள்ளே இருந்தவர்கள் அடித்து விரட்டினார்கள். கோட்டை விழுந்தது மே மாதம், கூடுதல் படை வந்தபிறகு. சிப்பாய் கம்பியை இடிக்கும் கை நடுங்குவதையும் எதிரே ஓடிவரும் ஈட்டிமுனையையும் மாறி மாறிக் காட்டினால் பின்னணி இசைகூடத் தேவைப்படாது.

வேலூர் சிப்பாய்க் கலகத்தையே பாருங்கள். 1806 ஜூலை 10 அன்று மதில்மேல் ஒதுங்கிய வெள்ளைச் சிப்பாய்களிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து விரைந்துவந்த வெள்ளை அதிகாரி கில்லெஸ்பி மதிலேறி அவர்களைத் திரட்டி, பயனெட்டால் (துப்பாக்கி முனைக் கத்தியால்) பாய்ந்து நேரம் கடத்தினார், பீரங்கி வந்து கோட்டைக் கதவைத் தகர்க்கும் வரை. பயனெட் குழலின் வெளிப்புறத்தில் மாட்டப்படும், வாயை அடைக்காது. அதனால்தான் மருந்து கெட்டிக்கும்போதே அது ஈட்டியாகவும் நிற்கும். உங்கள் சிப்பாய்கள் அதை அணிவகுப்புக்கு மட்டும்தான் மாட்டுகிறார்கள்.

கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த படப்பிடிப்புக்கு முன்பு கலை இயக்குநர் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரட்டும். மரத்தில் மாதிரி செய்து, துணை நடிகர்களுக்கு ஒரு நாள் முழுக்க மருந்து கெட்டிக்கும் வரிசையைப் பழக்குங்கள். வெடியையும் புகையையும் கிராஃபிக்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ரசிகன் ஒருவன்