சின்னத் தொட்டிக்கு எந்த மீன்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கினால் கடையில் ஓர் அடித் தொட்டிகள்தான் அதிகம் போகும். பிளாட் வீட்டில் படிக்கும் மேசை ஓரத்தில் வைக்கத் தோதான அளவு அது. தொட்டியைக் கையில் எடுத்ததும் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது தங்க மீன். அப்போதுதான் நாங்கள் "தொட்டி எத்தனை லிட்டர்? வாங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்கிறோம். பதிலைப் பொறுத்துச் சில வேளை மீனைக் கொடுக்க மாட்டோம் என்றும் சொல்லிவிடுகிறோம். காசு கொடுத்து வாங்க வந்தவரிடம் இத்தனை கேள்வியா என்று சில அண்ணன்மாரும் அக்காமாரும் வருத்தப்பட்டிருக்கிறார்கள். வார இறுதிக் கூட்டத்தில் நின்று விளக்க முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் தொட்டியை அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். 30 × 20 × 20 தொட்டி 12 லிட்டர். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, உண்மையில் அதில் நிற்கும் தண்ணீர் 9 அல்லது 10 லிட்டர்தான். மீன் தின்பது, மூச்சு விடுவது, கழிப்பது எல்லாம் அந்தப் பத்து லிட்டருக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் தண்ணீரில் அம்மோனியா சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செவுளை அரித்துவிடும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரேட்டை மட்டும் மீன் ஓரளவு தாங்கும். வாரா வாரம் தண்ணீர் மாற்றுவது அதை வெளியேற்றத்தான். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே ஐந்தாறு மீனை விட்டால், கழிவு இருக்கும், அதைத் தின்னப் பாக்டீரியா இருக்காது. முதல் வாரத்திலேயே மீன் செத்துவிட்டது என்று வருபவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். பெரிய தொட்டியில் நஞ்சு மெல்ல ஏறும், நமக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும். சின்னத் தொட்டியில் ஒரே இரவில் ஏறிவிடும்.

இதோடு நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பினாங்கில் வீட்டுக்குள் வைத்த தண்ணீர் சாதாரணமாக 28 முதல் 30 டிகிரி வரை நிற்கும். ஹீட்டர் வாங்கும் செலவு நமக்கு இல்லை, அது நல்லதுதான். ஆனால் 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூடு கூடக் கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. ஆகவே குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் மீன் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தொட்டியும் உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. காற்று படும் மேற்பரப்பு வழியாகத்தான் ஆக்ஸிஜன் உள்ளே வருகிறது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விளிம்பு வரை நீர் நிரப்பினால் அந்தப் பரப்பு சுருங்கிப்போகும்.

இப்போது தங்க மீன் விஷயத்துக்கு வருகிறோம். அது கெண்டைக் குடும்பத்து மீன். விசிறி வால் வகைகள் 15 சென்டிமீட்டரைத் தாண்டும். நீண்ட உடல் கொண்ட சாதாரண வகை 20, 25 வரை போகும். ஒழுங்காக வளர்த்தால் பத்து ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். கழிவும் மிக அதிகம். "தொட்டிக்குத் தகுந்தபடிதான் மீன் வளரும்" என்று பலர் நம்பி வந்து சொல்கிறார்கள். சின்னத் தொட்டியில் அது வளராமல் நிற்பது உண்மைதான், ஆனால் அது கெட்ட தண்ணீரில் உடல் குன்றி நிற்கும் நிலை. நலமாக இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். எனவே 12 லிட்டர் தொட்டிக்குத் தங்க மீனை நாங்கள் கொடுப்பதில்லை, பிள்ளை அழுதாலும்.

பாசியைத் தின்னும் என்று எல்லோரும் கேட்டு வாங்கும் பண்டாராயா மீனும் (பிளெக்கோ) அப்படித்தான். விரல் நீளத்தில் வாங்குவீர்கள், அது ஓர் அடிக்கு மேல் வளரும். பிறகு வைக்க இடமில்லாமல் லோங்காங்கிலோ (சாக்கடைக் கால்வாய்) ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இன்று கிள்ளான் ஆறு, லங்காட் ஆறு போன்றவற்றில் பெருகி, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து எந்த மீனையும் வெளியில் விடாதீர்கள். வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே கொண்டு வாருங்கள்; எங்கே வாங்கியதாக இருந்தாலும் பெற்றுக்கொள்கிறோம்.

நியோன் டெட்ராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமேசான் ஓடைகளிலிருந்து வந்த அது 20 முதல் 26 டிகிரிக்குள் இருக்க விரும்பும். ஏர்கோன் இல்லாத வீட்டுச் சின்னத் தொட்டியில் அதற்குக் கஷ்டம்.

பின் எதைத்தான் வைப்பது? 12 லிட்டருக்கு எங்கள் முதல் பரிந்துரை ஒற்றைச் சண்டை மீன். செவுளோடு காற்றையே நேராக மூச்சிழுக்கும் தனி உறுப்பும் அதற்கு உண்டு. அதனால் நம் சூட்டை மற்ற மீன்களைவிட நன்றாகத் தாங்கும். தாய்லாந்து 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இதன் நெருங்கிய உறவான காட்டுச் சண்டை மீன் ஒன்று நம் பினாங்கு வயல் வாய்க்கால்களிலேயே வாழ்கிறது. ஆண் மீன் ஒன்றே ஒன்றுதான், இன்னொன்றைச் சேர்த்தால் கிழித்துக்கொள்ளும். எட்டிக் குதிக்கும், ஆகவே மூடி வேண்டும். மேலேறி மூச்சு விட நீருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளியும் வேண்டும். வால் நீண்ட வகைக்கு வேகமான நீரோட்டம் ஆகாது, ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவாக ஓட விடுங்கள். கடையில் சிறு குப்பியில் நிற்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். விற்கும் வரைதான் அங்கே நிற்கிறது, தினமும் நீர் மாற்றுகிறோம். வீட்டில் அதைக் குப்பியில் வைக்காதீர்கள்.

20 லிட்டருக்கு மேல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் மனத்துக்கு மிகவும் பிடித்த யோசனை ஒன்று உண்டு: குட்டி ரஸ்போரா. முழுதாக வளர்ந்தாலும் 2 சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர்தான். சிவப்பாக இருக்கும் சில்லி ரஸ்போரா போர்னியோவில் வாழ்வது; கரும்புள்ளி கொண்ட வகை தீபகற்ப மலேசியாவின் சதுப்புக் காடுகளில், இலை ஊறித் தேநீர் நிறத்தில் நிற்கும் நீரில் வாழ்வது. எட்டு மீனாவது ஒன்றாக வைத்தால்தான் அச்சமின்றி நிறம் காட்டும். கடற்கரைச் சாலை ஓரங்களில் உதிரும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையைக் கழுவிக் காயவைத்து ஒன்று போட்டால் அந்தத் தேநீர் நிறம் வரும். சண்டை மீனுக்கும் அது பிடிக்கும். ஜாவா பாசியும் ஜாவா பெரணியும் குறைந்த வெளிச்சத்திலேயே வளரும், சேர்த்து வையுங்கள். நம் மண்ணின் மீனை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்து வளர்வதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

கப்பி வேண்டுமென்றால் ஆண் கப்பி மூன்று நாலு மட்டும் வாங்குங்கள். ஒரு பெண் கப்பி ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். ஆண் இல்லாமலேயே பல மாதம் போட்டுக்கொண்டிருக்கும். பத்து லிட்டருக்கும் குறைவான தொட்டியில் மீனே வேண்டாம்; செடியும் சிறு நத்தையும் போதும்.

பாக்டீரியா பெருகுவதற்காக மீன் விடாமல், சிறிது தீனி மட்டும் போட்டுத் தொட்டியை நாலிலிருந்து ஆறு வாரம் ஓட விடும்போது கொசுவுக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு. மெல்லிய வலையால் மூடி, ஃபில்டரை நிறுத்தாமல் ஓட விடுங்கள். டிங்கிக்காகப் புகை மருந்து அடிக்கும் நாளில் ஏர் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத்துணியால் மூடிவிட்டு, புகை அடங்கியதும் மறக்காமல் திறந்து பம்பைப் போடுங்கள். வீட்டில் அடிக்கும் கொசு ஸ்ப்ரேயும் மீனுக்குக் கடும் நஞ்சு, இறாலுக்கு இன்னும் மோசம். சாம்பிராணி போடும் பூஜை அறைப் பக்கம் பம்பை வைக்காதீர்கள். பம்ப் அந்தக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றும்போது ஆன்டி-குளோரின் கலந்தே ஊற்றுங்கள். ஸ்பாஞ்சையும் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் பிழியுங்கள், இல்லாவிட்டால் பாக்டீரியா போய்விடும். தீனி கொஞ்சமாகப் போதும். நாலு நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீன் பட்டினி தாங்கும். விடுமுறைத் தீனிக் கட்டி கரைந்து நீரைக் கெடுப்பதுதான் ஆபத்து.

இந்த மாதம் தொட்டி வாங்குபவர்களுக்கு, எங்கள் கடைத் தொட்டியில் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் காசில்லாமல் தருகிறோம். காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். ஒரு சிறு போத்தலில் உங்கள் தொட்டி நீரைக் கொண்டு வந்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இலவசமாகச் சோதித்துச் சொல்வோம். இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீனைத் தேர்ந்தெடுக்கலாம். வரும்போது பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், சோதனைக் குழாயில் நிறம் மாறுவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். வார நாளில் மாலை ஐந்து மணிக்கு முன் வந்தால் நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அலங்கார மீன் கடையினர்
ஜெலுத்தோங், பினாங்கு