எஸ்போசிதோ: பொருட்காட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பீட்சா கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1889-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு வந்த அந்நாட்டு ராணி மார்கெரித்தாவுக்கு ரஃபாயேலே எஸ்போசிதோ என்ற பீட்சாக்காரர் பீட்சா செய்து கொடுத்த கதையும் அதில் இருந்தது. (அந்தக் கதையையே நம்பாத வரலாற்றாசிரியர்கள் உண்டு. அது போகட்டும்.) ஆனால் பெட்டிச் செய்தியில், "எஸ்பொசிட்டோ என்றால் பொருட்காட்சி நடத்துபவர்" என்று போட்டிருந்தீர்கள். 'எக்ஸ்போ'வை வைத்து யாரோ ஊகித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே வெளியே வைக்கப்பட்டது சரக்கு அல்ல, குழந்தை.

நான் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஒருமுறை நேப்பிள்ஸில் நான்கு நாள் நின்றோம். கப்பலுக்கு வந்துபோன துறைமுக ஆட்களில் மூன்று பேரின் அட்டையில் எஸ்போசிதோ என்று இருந்தது. அண்ணன் தம்பிகளா என்று கேட்டுவிட்டேன். மூவரும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர்தான் விஷயத்தைச் சொன்னார். அப்புறம் நானும் தேடித் தேடிப் படித்தேன்.

லத்தீனில் 'எக்ஸ்பொசிதுஸ்' என்றால் வெளியே விடப்பட்டவன். நேப்பிள்ஸில் அனுன்சியாதா தேவாலயத்தை ஒட்டிய இல்லத்தின் தெருச்சுவரில் ஒரு திறப்பு இருந்தது. அதற்குள் சுழலும் மர உருளை. வறுமையாலோ ஊர்வாய்க்குப் பயந்தோ வருகிறவர்கள் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். வைத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது. 1875-இல்தான் அதை மூடினார்கள். அப்படி வந்த பிள்ளைகளை ஊர் 'மாதாவின் பிள்ளைகள்' என்றது. பதிவேடு எஸ்போசிதோ என்று எழுதியது.

பெயரைச் சொன்னதுமே பிறப்புக் கதை வெளியே வந்துவிடும் என்றால் அந்தப் பிள்ளை எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? நெப்போலியனின் தங்கை கணவர் முரா அங்கே மன்னராக இருந்த காலத்தில் (1808–1815), புதிதாக வரும் குழந்தைகளுக்கு இந்தப் பெயரை வைக்கத் தடை வந்தது. அதற்குள் பெயர் பேரன் பேத்திகள்வரை போய்விட்டது. இன்று நேப்பிள்ஸில் ஆக அதிகமாகக் காணப்படும் குடும்பப்பெயரே இதுதான். அதற்காக ரஃபாயேலே கைவிடப்பட்ட குழந்தை என்று எழுதிவிடாதீர்கள். எந்தத் தலைமுறையிலோ ஒரு முன்னோர் அப்படி வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் பெயர் மாறியது. ரோமில் 'புரொயெத்தி', அதாவது எறியப்பட்டவர்கள். எஸ்போசிதோவே தேவலை! மிலானில் இப்படி விடப்பட்ட குழந்தைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா என்பதால் அங்கே 1825 வரை 'கொலொம்போ', அதாவது புறா. இதைப் படித்துவிட்டுக் கொலம்பஸையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர் ஜெனோவாவில் ஒரு நெசவாளியின் மகன். புறா வளர்த்தவர்களுக்கும் அந்தப் பெயர் வந்ததுண்டு.

ஃபுளோரன்ஸில் புருனெலெஸ்கி வடிவமைத்து 1445-இல் திறக்கப்பட்ட இல்லத்தின் பெயரே 'மாசற்றோர்' என்பதால், அங்கு வளர்ந்தவர்கள் 'இன்னொசெந்தி' ஆனார்கள். சில தாய்மார்கள் ஒரு பதக்கத்தை இரண்டாக உடைத்துப் பாதியைக் குழந்தையோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என்றாவது திரும்பி வந்தால் மறுபாதியைப் பொருத்திக் காட்டலாமே என்றுதான். அந்தப் பாதிகள் பல இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது 'சிட்டோ' என்று கடைசியில் அழுத்தாமல் 'போ'வில் அழுத்தம் வருகிற மாதிரி 'எஸ்போசிதோ' என்றே போடுங்கள். நான் தப்பாக உச்சரித்தபோது அந்த மூவரும் இரண்டாம் முறை சிரித்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்,
தூத்துக்குடி.