ஆஸ்டினிலிருந்து அக்காவுக்கு

ஆஸ்டின், டெக்சஸ்
ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஜனவரியில் சீடர் மரத்து மகரந்தம் காற்றில் பறந்து ஊரையே தும்ம வைத்தது, எனக்கு மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டே இருந்தன. இப்போது சரியாகிவிட்டது. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் தூக்கி வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியும் வெளியே போய்விட்டது. இன்னும் ரெண்டு மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வெயிலில் திருநெல்வேலிக்காரனை ஏமாற்ற முடியாது, ஆனால் இங்கே வேர்க்கிறவன் ஒருத்தனும் மோர் குடிப்பதில்லை.

சாயந்திரம் எங்கே நடக்கப் போகிறாய் என்று கேட்டாயே. போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் பேரன் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் எழுதுகிறேன். ஆபீஸ் முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போவேன். ஏரி என்று பேர், உண்மையில் கொலராடோ ஆறுதான். 1960இல் அணை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். ஊருக்கு நடுவே தண்ணீர், ரெண்டு கரையிலும் நிழல், சுற்றி வர 10 மைல் பாதை. இறங்கிக் குளிக்க மட்டும் அனுமதியில்லை. நம் தாமிரபரணியில் வளர்ந்தவனுக்கு இது ஒரு பெரிய குறைதான்.

அந்த ஏரிக்கு லேடி பேர்ட் ஏரி என்று பெயர். லேடி பேர்ட் ஜான்சன், லிண்டன் ஜான்சன் என்ற அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி. கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் பதவிக்கு வந்தாரே, வியட்நாம் போரில் பேரைக் கெடுத்துக்கொண்டாரே, அவர்தான். அப்பா ஹிந்து பேப்பரை வைத்துக்கொண்டு திட்டிய ஆட்களில் அவரும் ஒருத்தர். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல, அந்த அம்மாவின் பிற்பாடான வாழ்க்கையைப் பற்றி.

1969இல் வெள்ளை மாளிகையை விட்டு இங்கே பக்கத்தில் ஸ்டோன்வாலில் இருக்கும் பண்ணைக்கே திரும்பி வந்தார்கள். நாலு வருஷம் கழித்து, 1973 ஜனவரி 22 அன்று, ஜான்சன் மாரடைப்பில் இறந்தார். வயது 64. அன்றைக்கு அந்த அம்மா ஆஸ்டினில் இருந்தார், கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லை. உனக்கு இதைப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியும், அக்கா. அத்தானுக்கும் அப்படித்தானே ஆனது.

ஜான்சன் போனபோது அந்த அம்மாவுக்கு வயது 60. அதற்கு அப்புறம் 34 வருஷம் இருந்தார், கல்யாண வாழ்க்கையின் 38 வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த 34 வருஷத்தில் என்ன செய்தார் என்பதைத்தான் நான் தினமும் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தக் கரை முழுக்கக் குப்பையும் புதருமாகக் கிடந்ததாம். அப்போதைய மேயர் ராய் பட்லரும் அவர் மனைவியும் இந்த அம்மாவைச் சேர்த்துக்கொண்டு, பணம் திரட்டி, மரம் வைத்து, பாதை போட்டார்கள். இருக்கிறவரைக்கும் ஏரிக்குத் தன் பெயரை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. 2007 ஜூலையில் அவர் போய்ச் சேர்ந்து பதினைந்தே நாளில் நகரசபை வைத்துவிட்டது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பூ விஷயம் இன்னும் பெரிசு. வெள்ளை மாளிகையில் இருந்தபோதே, நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளையும் பழைய இரும்புக் கிடங்குகளையும் குறைக்க 1965இல் ஒரு சட்டம் வர இவர்தான் காரணம். விளம்பரக்காரர்கள் எதிர்த்தார்கள், சட்டமும் பாதிப் பல்லோடுதான் வந்தது. பொம்பளைக்குப் பூ ஆசை என்று கேலி செய்தவர்களும் உண்டு. பிறகு 1982 டிசம்பர் 22, தன் எழுபதாவது பிறந்தநாளன்று, 60 ஏக்கர் நிலமும் 125,000 டாலரும் கொடுத்து காட்டுப்பூக்களுக்கென்று ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார். நடிகை ஹெலன் ஹேய்ஸ் கூட நின்றார். எழுபது வயதில், அக்கா. நம் பக்கத்தில் அந்த வயதில் நகையைப் பிரித்துக் கொடுக்கத்தான் சொல்வார்கள்.

அந்த மையம் 1995இல் ஊரின் தென்மேற்குப் பக்கம் இடம் மாறியது. போன வாரம் கூட்டிப் போயிருந்தேன், உன் மருமகளுக்கு வெளியே வர மனசில்லை. கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டிகளில் பிடித்துச் செடிக்கு விடுகிறார்கள். வெளிநாட்டுப் புல்லுக்குத் தண்ணீரைக் கொட்டாதே, இந்த மண்ணில் தானாக வருவதை வளர விடு என்பதுதான் அங்கே பாடம். ஹைவே ஓரத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புளூபானெட் என்று ஒரு நீலப்பூ, இந்த மாநிலத்தின் பூ. பூத்து விதை உதிர்கிற வரைக்கும் சாலைத்துறைக்காரர்கள் புல்லை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் நம் வயலில் தழையுரத்துக்கு மடக்கி உழுவோமே, கொழுஞ்சி, அதற்குத் தாயாதி மாதிரி இருக்கும். ரெண்டும் அவரை இனம்தான், மண்ணுக்குச் சத்து சேர்ப்பது. இந்த மாதம் ஊரில் பாதிப் பேர் ரோட்டோரம் காரை நிறுத்தி, பிள்ளைகளைப் பூவுக்குள் உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் எடுத்தாயிற்று, அனுப்புகிறேன்.

அந்த அம்மாவுக்கு வசதி இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1943லேயே தாய் வழிச் சொத்தில் ஒரு ரேடியோ ஸ்டேஷன் வாங்கி வளர்த்தவர். வாசலில் அரசாங்கப் பாதுகாப்பு கடைசி வரைக்கும் இருந்தது. பென்ஷன் பேப்பருக்குத் தாலுகா ஆபீஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் பண்ணையை ஏற்கெனவே தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. சுற்றுலா பஸ் வீட்டைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்க, அவர் அங்கேயே இருந்தார். பணம் இருந்தும் மகள் வீட்டு மாடியறையில் ஒடுங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

கடைசியில் கண் போனது. விழித்திரை நோய், சட்டப்படி பார்வையற்றவர் என்கிற அளவுக்கு. பூவுக்காக இத்தனை செய்தவருக்கு அதுதான் போக வேண்டுமா என்று எனக்குக் கோபமே வந்தது. 2002இல் பக்கவாதம் வந்து பேச்சும் தடைப்பட்டது. அப்படியும் விழாக்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். 94 வயதில் ஆஸ்டின் வீட்டில் இறந்தார். ஸ்டோன்வாலுக்கு உடலைக் கொண்டுபோன வழியெல்லாம் ஜனம் நின்றதாம். பெடர்னாலிஸ் ஆற்றங்கரையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பின்வாசல் தோட்டத்தை விற்றுவிட்டுச் சென்னைக்கு வரச் சொல்லிப் பையன்கள் நச்சரிக்கிறார்கள் என்றாய். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே வந்துவிட்டுப் போ. விசாவுக்கு இப்போதே எழுதிப் போட்டால் அடுத்த மார்ச் கடைசிக்கு வந்துவிடலாம், பூவும் அப்போதுதான். டிக்கெட் என் பொறுப்பு. முட்டி வலிக்கு இங்கே வீல்சேர் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்.

வரும்போது விதையோ செடியோ கட்டிக்கொண்டு வராதே, ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் போதும், மூடியை நன்றாக இறுக்கிக் கட்டு.

உன் தம்பி,
செல்வம்