வாசுகிக்கு, ராயபுரத்திலிருந்து

ராயபுரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போட முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நான் பாட்டியாகிவிட்டேன். தை மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம், கார்த்திகையிலேயே கவிதாவுக்கு வலி எடுத்துவிட்டது. 31 வாரத்தில் பெண் குழந்தை, 1 கிலோ 400 கிராம். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த முதல் நாளைப் பற்றி உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல், நெஞ்சு உள்ளே குழிகிறது. டாக்டரம்மா வெளியே வந்து, "நுரையீரல் இன்னும் பக்குவப்படலைம்மா, சர்ஃபாக்டன்ட் கொடுக்கணும்" என்றார். குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்த பிரசவத்துக்கு முன்பு போடும் ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய நேரமே கிடைக்கவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "அது என்ன மருந்து அத்தை?" என்று கேட்டார். "கொழுப்பு, மாப்பிள்ளை" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கை நடுங்க நடுங்க, கொழுப்போடு வேறொன்று சேர்ந்த கூட்டு லிப்பிடுகள் பற்றிய நம் பழைய பாடத்தை அவருக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

நுரையீரலின் குட்டிக் காற்றுப் பைகளுக்குள் எப்போதும் மெல்லிய ஈரம் இருக்கும். தண்ணீருக்குத் தன்னைத்தானே இழுத்துச் சுருக்கிக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் மூச்சை விட்டதும், நனைந்த பாலிதீன் பை மாதிரி அந்தப் பைகள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் சர்ஃபாக்டன்ட். அதில் முக்கியமானது லெசித்தின் வகையைச் சேர்ந்த ஒரு பாஸ்போலிப்பிடு, அதாவது பாஸ்பேட் சேர்ந்த கொழுப்பு. அதன் பாஸ்பேட் தலை தண்ணீரில் நிற்கும், இரண்டு கொழுப்பு வால்களும் காற்றுப் பக்கம் நீட்டிக்கொள்ளும். தண்ணீரின் இழுப்பு தளர்ந்துவிடும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இது போதுமான அளவு சேர 35 வாரம் பக்கம் ஆகும். நம் குட்டிக்கு அந்த நாலு வாரம் இல்லை.

சின்னக் குழாய் வழியாக, பால் மாதிரி வெள்ளையாக ஒரு திரவத்தை நேராக நுரையீரலுக்குள் விட்டார்கள். மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்தது. கொஞ்ச நேரத்தில் முனகல் குறைந்தது, ஆக்சிஜன் எண் ஏறியது. 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டாக்டர் பத்துக் குழந்தைகளுக்கு இப்படிக் கொடுத்துக் காட்டாமல் இருந்திருந்தால், என் பேத்தி இன்று இல்லை. இதை எழுதும்போதே கண் கலங்குகிறது.

அப்புறம் ஒன்று தோன்றியது. நாம் இரண்டு பேரும் லேபில் வருஷக்கணக்காக சிஃபிலிஸ் நோய்க்கான வி.டி.ஆர்.எல் ரத்த டெஸ்ட் போட்டோமே, அதில் சேர்க்கும் ஆன்டிஜென் கரைசலில் என்ன இருந்தது? கார்டியோலிப்பின், லெசித்தின், கொலஸ்ட்ரால். அந்த கார்டியோலிப்பின் மாட்டு இதயத்திலிருந்து வந்தது. கர்ப்பிணிப் பெண்கள் வரிசையாக வந்து கையை நீட்டுவார்கள். ஸ்லைடை நாலு நிமிஷம் சுழலவிட்டு, திரிதிரியாகச் சேர்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருந்துகொண்டு ஆற்றல் தயாரிக்கும் வேலைக்குத் துணை நிற்கும் பொருள் கார்டியோலிப்பின். சிஃபிலிஸ் கிருமி செல்லைச் சிதைக்கும்போது அது வெளியே வரும், உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யும். உடம்பு தன்னையே தாக்கும் லூப்பஸ் நோயிலும் அதே ஆன்டிபாடி வருவதால்தான் சில நேரம் பொய்யாக பாசிட்டிவ் காட்டியது. அன்று ஒரு குப்பி, ஒரு சொட்டு என்றுதான் அதைப் பார்த்தேன். என் சம்பளத்துக்கு மாட்டின் இதயம், பேத்தியின் மூச்சுக்கு மாட்டின் நுரையீரல். அந்த வராந்தாவில் உட்கார்ந்து இதை எத்தனை முறை நினைத்தேன் என்று தெரியாது.

கூட்டு லிப்பிடு என்றால் கொழுப்போடு பாஸ்பேட்டோ சர்க்கரையோ சேர்ந்தது என்று ஒரு வரியில் எழுதி மார்க் வாங்கினோம். அந்தச் சேர்க்கைதான் எல்லாமே, வாசுகி. வெறும் எண்ணெயைத் தண்ணீரில் விட்டால் ஒதுங்கி மிதக்கும், சேமித்து வைக்கத்தான் உதவும். தண்ணீரை விரும்பும் ஒரு தலையை ஒட்டிவிட்டால், அது தானாக இரண்டடுக்குச் சுவர் கட்டிக்கொள்கிறது. தண்ணி லாரி வந்தால் தெருவே குடத்தோடு லாரிப் பக்கம் திரும்புமே, அதுபோலத் தலைகள் எல்லாம் தண்ணீரைப் பார்க்கும், வால்கள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். அணுக்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. செல்லின் சுவர் இரண்டடுக்கு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

சர்க்கரை ஒட்டியவை கிளைக்கோலிப்பிடுகள். மூளையிலும் நரம்பு உறையிலும் அதிகம். செல்லின் வெளிப்பக்கம் அடையாளச் சீட்டு மாதிரி நிற்பவை. நாம் ஸ்லைடில் பார்த்த ஏ, பி ரத்த வகைச் சர்க்கரைகளில் ஒரு பங்கு இவற்றின் மேல்தான் இருக்கிறது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இவற்றின் நினைவு வரும். குடல் செல் மேல் இருக்கும் ஜி.எம்.1 என்ற கிளைக்கோலிப்பிடை ஐந்து கைகளால் பிடித்துக்கொண்டுதான் காலரா நச்சு உள்ளே நுழைகிறது. அப்படி ஒரு நச்சு இருக்கிறது என்று 1959இல் கல்கத்தாவில் காட்டியவர் சம்பு நாத் தே. அதே 1959இல்தான் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி, என் பேத்தியைப் போல மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் குறைவு என்று கண்டுபிடித்தார். இரண்டு பேரையும் எனக்கு முன்பே தெரியும், ஆனால் இப்போதுதான் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

உன் எல்.டி.எல் ரிப்போர்ட் பற்றிக் கேட்டிருந்தாய். அது லிப்போபுரதம், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் உருண்டை. அதன் வெளி உறையும் பாஸ்போலிப்பிடுதான். ஆனால் ரிப்போர்ட்டில் எண் ஏறியிருக்கிறது என்றால் டாக்டர் சொன்ன மாத்திரையை விடாதே. அண்ணனுக்கும் ஒருமுறை பார்த்துவிடு.

குட்டி இப்போது பாலாடையில் தாய்ப்பால் குடிக்கிறாள். அந்தப் பாலில் உள்ள ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் பாஸ்போலிப்பிடு உறை ஒன்று சுற்றியிருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். இப்போதெல்லாம் அவரே வந்து கேட்கிறார்.

எடை 2 கிலோ தாண்டியதும் பெயர் வைக்கிறோம். நீயும் அண்ணனும் கட்டாயம் வர வேண்டும். வரும்போது உன் பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்து வா. பச்சை மசியில் நீ வரைந்த லெசித்தின் படம் அதில் இருக்கும், மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

உன்,
ரேவதி